மேடை, பொன்னாடை, மூன்றே முக்கால் பஸ்

பிப்ரவரி கடைசி வாரம் ஆனால் போதும், கல்லூரிகளிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "மேடம், மகளிர் தினத்துக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர். ஒரு மணி நேரம் பேசினாப் போதும்." எனக்குக் கும்பகோணத்தில் வக்கீல் தொழில், பெரும்பாலும் குடும்ப வழக்கும் பாகப்பிரிவினையும். இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கு வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். இந்தத் தகுதி போதும், மார்ச் முதல் பத்து நாளில் மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். நவம்பர் 25-லிருந்து டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பதினாறு நாள் இயக்கம் என்று இன்னொரு சீசன் உண்டு. அது நம் ஊரில் அடைமழையோடு மோதிக்கொள்ளும். கலெக்டர் லீவு விட்டுவிடுவார், பாதி நிகழ்ச்சி ஒத்திவைப்பு, மீதி ரத்து.

இந்த நிகழ்ச்சிகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. தஞ்சாவூர் ஜில்லா என்பதால் நினைவுப் பரிசு என்றால் தலையாட்டி பொம்மைதான். என் ஆபீஸ் ஷெல்ஃபில் ஒரு வரிசையே நிற்கிறது, ஃபேன் போட்டால் மொத்தமாகத் தலையாட்டும், கட்சிக்காரர்கள் வழக்கைச் சொல்லிக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் கோலப்போட்டி, அடுப்பில்லா சமையல், மருதாணி. கோலப்போட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அந்த நாளில் ஆண் மாணவர்களுக்கு அரை நாள் லீவு விடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேடையில் ஏறுகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். காவல்துறையிலிருந்து வருகிறவர் ஜாக்கிரதையாக இருங்கள், போட்டோவைப் போடாதீர்கள், தெரியாதவனிடம் பேசாதீர்கள் என்பார். பேராசிரியர் ஒருவர் குந்தவையில் ஆரம்பித்துச் செம்பியன் மாதேவி வழியாக விண்வெளிக்குப் போய்விடுவார். இருப்பவர்களில் டாக்டரம்மா பேச்சுதான் உருப்படி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் என் சட்டப் பேச்சைவிட ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் நூறு மடங்கு பிரயோஜனம். இதை நானே மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டினார்கள், அடுத்த வருடமும் பேசத்தான் கூப்பிட்டார்கள்.

குந்தவை விஷயத்துக்கு ஒரு குறிப்பு. சோழர் பெருமை பேசத்தான் வேண்டும் என்றால் பெரிய கோயில் சுவரிலேயே அதைவிட நல்ல விஷயம் இருக்கிறது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்த கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தனித்தனியே பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்குக்கு வருடம் நூறு கலம் நெல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது பெருமைப்பட வேண்டிய ஏற்பாடா, அந்தப் பெண்களுக்கு வரமாட்டேன் என்று சொல்ல வழி இருந்ததா, பின்னால் அவர்கள் வழிவந்தவர்களுக்கு என்ன ஆனது என்று மாணவிகளையே விவாதிக்க விட்டால் ஒரு மதியம் முழுக்கப் போகும். இளவரசி கதையில் இந்த வம்பு இல்லை, அதனால்தானோ என்னவோ அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். சிறப்பு விருந்தினர் சாப்பிட்டு, ஊர் வந்து சேர்ந்து, முதல்வர் அறையில் காபி குடித்து முடிய இரண்டரை ஆகிவிடும். நிகழ்ச்சி அப்போதுதான் ஆரம்பம். மூன்றே கால் ஆகும்போது பாருங்கள், பின் வரிசைகளில் பைகள் மடிக்கு வந்துவிடும், துப்பட்டா சரியாகிவிடும், கண்ணெல்லாம் கடிகாரத்தில் இருக்கும். மூன்றே முக்காலுக்கு உள்கிராமங்கள் பக்கம் போகிற டவுன் பஸ். அதை விட்டால் ஆறரைக்குத்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் எத்தனை பெரிய மாற்றம் என்பது டிக்கெட்டுக்கு எண்ணி எண்ணிக் காசு வாங்கிப் படித்த என் வயதுக்காரர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். ஆனால் டிக்கெட் இலவசம் ஆனதால் டிரிப் கூடிவிடவில்லை. திருத்துறைப்பூண்டி தாண்டி, வேதாரண்யம் பக்கம், முத்துப்பேட்டை உள்புறம் எல்லாம் அந்த ஒரு பஸ்தான் கணக்கு. ஆறரை பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போனால் ஏன் லேட்டு என்று கேட்பார்கள். "காலேஜ்ல பெண் சுதந்திரக் கூட்டம்" என்று ஒரு பிள்ளை பதில் சொல்லிப் பார்க்கட்டும், மறுநாள் காலேஜுக்கே அனுப்புவார்களா என்பது சந்தேகம்.

ஆக மூன்றே முக்காலுக்கு மேல் அரங்கில் மிச்சம் இருப்பது விடுதி மாணவிகளும் டவுனுக்குள் வீடு இருப்பவர்களும்தான். இந்தப் பேச்சு யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்கள். பாலின விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேச்சாளர் பட்டியலை அல்ல, பஸ் நேரத்தை. காலை பத்தரைக்கு வகுப்பறையில் வையுங்கள் என்று கேட்டால், அரங்கம் நிறைந்த மாதிரி போட்டோ வராதே மேடம் என்கிறார்கள். அந்தப் போட்டோ, கல்லூரியின் தர மதிப்பீட்டு அறிக்கைக்குப் போக வேண்டும். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் ஒரு தங்கச்சி மட்டும் நான் சொன்னதைக் கேட்டது. அரங்கம் வேண்டாம், மாலை வேண்டாம், பொருளியல் இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் அதே வகுப்பில் இன்னொரு மணி நேரம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்துதான். முதல் வாரம் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் நிலம் இருந்தால் பட்டா யார் பேரில் இருக்கிறது, குடியிருக்கும் மனை யார் பேரில் இருக்கிறது, கேட்டுக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். அளவு சொல்ல வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், உறவு முறை மட்டும் போதும்.

அடுத்த வாரம் கரும்பலகையில் கோடு போட்டு எழுதினோம். தாத்தா, அப்பா, பெரியப்பா சித்தப்பா சேர்ந்த கூட்டுப் பட்டா, அண்ணன், அம்மா, பாட்டி, குத்தகை, கோயில் நிலம், நிலமே இல்லை. நிறைய வீடுகளில் பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பேரில்தான் இருந்தது, சிலருக்குத் தாத்தாவின் அப்பா பேரில். 'நிலமே இல்லை' என்ற இடம் மளமளவென்று நிரம்பியது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். அந்த வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் எந்த இடத்தில் கோடு போட வந்தார்கள் என்பதை யாரும் சொல்லிக்காட்டவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். 'அம்மா' என்ற இடத்தில் விழுந்த கோடுகள் மிகச் சில, அதிலும் பாதி அரசு கொடுத்த மனைப்பட்டா.

'பாட்டி' என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு. கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண். "எங்க அப்பாயி பேர்ல மூணு மா இருக்கு மேடம்." மூணு மா என்றால் ஒரு ஏக்கர். எப்படி வந்தது என்று கேட்டேன். "அம்மா வாங்கிக் குடுத்ததுன்னு அப்பாயி சொல்லும். எந்த அம்மான்னு கேட்டா கிருஷ்ணம்மா அம்மான்னு சொல்லும்." அதற்கு மேல் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வகுப்பில் மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

அதனால் அந்த மணி நேரத்தில் பாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கதைக்குப் போயிற்று. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது, செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்பது, அதற்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து தங்கியது, 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி நிலச்சுவான்தார்களிடம் விலை பேசி வாங்கி நிலமில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதுவும் பெண் பேரில் பதிவு. 2008-ல் மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருதும் 2020-ல் பத்மபூஷணும் வாங்கிய மனுஷி. அவர் வேலை செய்த மண்ணிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பதற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது, நாம் குந்தவையைத் தாண்டவே இல்லை. மணலூர் மணியம்மாளையும் சொன்னேன். கைம்பெண்ணாகி, முடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு விவசாயக் கூலிகளுக்காகத் தஞ்சை கிராமங்களில் நடந்த அம்மா. கடைசி பெஞ்சில் ஒரு பையன் "வேட்டியா?" என்று சத்தமாகவே கேட்டான். ஆமாம்டா தம்பி, வேட்டிதான், அதுவும் எண்பது வருஷத்துக்கு முன்னால்.

அதே பையன்தான் நல்ல கேள்வியும் கேட்டான். "நிலம் யார் பேர்ல இருந்தா என்ன மேடம், சாப்பிடுறது எல்லாரும்தானே?" எனக்கு இந்த மாதிரிக் கேள்விதான் வேண்டும். அவனையே கேட்டேன், உன் வீட்டில் சாகுபடி பார்ப்பது யார்? அப்பா சிங்கப்பூரில், அம்மாதான் பார்க்கிறார், தண்ணீர் வைப்பது, உரம் வாங்குவது, ஆள் கூப்பிடுவது எல்லாம். நிலம் அப்பா பேரில். சரி, பயிர்க் காப்பீட்டுக்கு யார் பேர் வேண்டும்? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட சிட்டா அடங்கல் யார் பேரில் கேட்பார்கள்? வருடம் 6,000 ரூபாய் வருகிற பிரதமர் கிசான் பணம் யார் கணக்குக்குப் போகும்? நிலம் பேரில் இருப்பவருக்குத்தான். வேலை செய்கிற அம்மா அரசாங்கக் கணக்கில் விவசாயியே இல்லை. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்ப பேர் மாத்தணும்னா எங்க போகணும்?" என்றான்.

அங்கிருந்துதான் சட்டத்துக்குப் போனேன், அதற்கு முன்னால் போயிருந்தால் ஒருவருக்கும் ஏறியிருக்காது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டம் ஆக 1989 ஆயிற்று, அறுபது வருடம். அந்தச் சட்டமும் 25.3.1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் என்று ஆனது, அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சண்டையை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. சட்டம் இத்தனை தூரம் வந்தும் என் ஆபீஸில் மாதம் தவறாமல், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் டைப் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. அக்கா தங்கைகள் அண்ணனோடு வந்து இறங்குவார்கள், வாசலில் டீ குடிப்பார்கள், எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார்கள். படித்துப் பாருங்கம்மா என்றால் "அண்ணன் பார்த்துட்டாருங்க" என்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பங்கு கேட்டால் பொங்கல் சீரும் நின்றுபோகும், பிறந்த வீட்டு வாசலும் மூடிவிடும், மாமியார் வீட்டில் ஒரு பேச்சு என்றால் போய் நிற்க இடம் இருக்காது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். உரிமை இருக்கிறது என்று மேடையில் சொல்வது சுலபம், அந்தக் கணக்குக்கு மேடையிலிருந்து பதில் சொல்ல முடியாது. வகுப்பறையில் குறைந்தபட்சம் அண்ணன்களாகப் போகிறவர்களும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து பணம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவிகள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பாதி அரங்கம் இருப்பார்கள். 2022 செப்டம்பர் 5-ல் ஆரம்பித்த திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு என்று இருந்தது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், டவுன் பஸ் போகிற தூரம்தான். மயிலாடுதுறையிலேயே ஒரு நிகழ்ச்சியில் அவர் யார் என்று கேட்டேன், ஸ்கீம் பேரு என்றார்கள். 1883-ல் பிறந்து, சின்ன வயசிலேயே தேவதாசிக் குடும்பம் ஒன்றின் கைக்குப் போய், அந்த வாழ்க்கையை மறுத்து வெளியே வந்து, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 55 வயதில் 1938 இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. அதற்காகச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர்தான், அங்கே ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்.

இதே அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அந்தக் கல்யாணப் பணம்தான் 2022-ல் படிப்புப் பணமாக மாறியது. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே "எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதான் மேடம், அம்மா அந்தப் பணத்தை எடுக்கவே விடாது, சீட்டுக்குக் கட்டுது, என் கல்யாணத்துக்கு" என்றாள். பணம் மாணவி பேரில் உள்ள கணக்குக்கு நேராக வருகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கோடு இணைத்திருக்கும் போன் நம்பர் யாருடையது என்று கேட்டால் அப்பா, அண்ணன், சில சமயம் பக்கத்து வீட்டு மாமா. ஓடிபி அங்கே போகிறது. ஏடிஎம் கார்டு பீரோவில். எனவே இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடும் கல்லூரிகளிடம் பேச்சாளர் ஒருவரைக் குறைத்துவிட்டு வங்கியிலிருந்து ஒருவரை நம்பர் மாற்றும் படிவத்தோடு உட்கார வையுங்கள் என்று சொல்கிறேன். ஒரு இடத்தில் செய்தார்கள். வரிசை அரங்க வாசல் வரைக்கும் நின்றது.

ஆண் பிள்ளைகளுக்கு அரை நாள் லீவு என்றேனே. பெண்களுக்கான நிகழ்ச்சியாம், அவர்கள் இருந்தால் சத்தம் போடுவார்களாம். போடத்தான் செய்வார்கள். ஒரு கல்லூரியில் கேட்டுப் போராடி அவர்களை மட்டும் தனியாகப் பார்த்தேன், முதல் பத்து நிமிடம் விசில், கிண்டல், பின்னாலிருந்து யாரோ ஆட்டுச் சத்தம். அப்புறம் ஒருவன் கேட்டான், "ரெண்டு தடவ மெசேஜ் போட்டாக் கூடக் குத்தமா மேடம்?" சிரித்தார்கள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இரண்டா மூன்றா என்று எண்ணிக்கை இல்லை தம்பி, வேண்டாம் என்று அவள் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, பின்னால் போவது, இணையத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று வேவு பார்ப்பது, இது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 78-வது பிரிவு, முதல் தடவைக்கு மூன்று வருடம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருடம் வரை. வேண்டாம் என்று சொல்லாமல் பதிலே போடாமல் இருந்தால்? ப்ளாக் பண்ணிவிட்டு வேறு நம்பரிலிருந்து போட்டால்? ஃப்ரெண்டு போனிலிருந்து போட்டால்? ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் அவர்கள் செய்துகொண்டிருப்பது, செய்கிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பது. நம் சினிமா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காதலை யாரும் இதுவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் ஒருவன் தனியாக வந்தான். தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறது, டிகிரி முடித்ததும் அவன் வளைகுடாவுக்குப் போக வேண்டும், நகை சேர்க்க. வரதட்சணை கொடுப்பதும் குற்றம்தானே மேடம் என்றான். ஆமாம், 1961-லிருந்து. "அப்ப நாங்களும் குத்தவாளியா?" சட்டப்படி ஆமாம் என்பதற்கு மேல் அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பையனை அரை நாள் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் உள்ளே பெண்களுக்கு வரதட்சணை ஒழிப்புப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

திருநங்கை, திருநம்பி மாணவர்கள் பற்றி இந்த மேடைகளில் பேச்சே வராது. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய நர்த்தகி நடராஜ் பெயரைச் சொன்னால் கைதட்டுவார்கள், கழிப்பறை எது, வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயர் என்று கேட்டால் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களில் மூன்றாம் பாலினத்தவரையும் ஆண் மாணவர்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள் என்பது பல கல்லூரிகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த ஒழுங்குமுறையைச் சொன்னதால் புகார்க் குழுவுக்கே வந்துவிடுகிறேன், எனக்கு நேரடித் தொடர்புள்ள விஷயம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 1997 விசாகா தீர்ப்பு, 2013 சட்டம், அப்புறம் கல்லூரிகளுக்கென்று இந்த ஒழுங்குமுறை. எல்லாக் கல்லூரியிலும் குழு இருக்கிறது, காகிதத்தில். ஒரு கல்லூரியில் நுழைவாயில் பக்கம் பெரிய போர்டு, நீல நிறத்தில், மேலே கல்லூரிச் சின்னம். தலைவர் என்று எழுதியிருந்த பேராசிரியை மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது உறுப்பினர் ஓய்வு பெற்றுவிட்டார். தொலைபேசி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மழையில் கரைந்துபோய் அடையாளமே இல்லை. அந்தப் போர்டுக்கு அடியில்தான் மகளிர் தின விழாவுக்கான வளைவு கட்டியிருந்தார்கள், ஃப்ளெக்ஸில் என் போட்டோ போர்டைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று பேச வேண்டியதை விட்டுவிட்டு, குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்களோ அவர்களை மேடைக்கு வரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சலசலப்பு. மூன்று ஆசிரியைகள் வந்தார்கள், அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், தான் உறுப்பினர் என்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. பெயர், எந்தத் துறை, எந்த அறை, எந்த நேரத்தில் இருப்பார்கள் என்று அவரவர் வாயால் சொல்லச் சொன்னேன். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், எழுத முடியாவிட்டால் எழுத உதவ வேண்டியது குழுவின் வேலை, 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும், நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வளவையும் நான் சொல்லவில்லை, அந்த ஆசிரியைகளையே வாசிக்கச் சொன்னேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து என்ன பயன், நான் நாலு மணிக்குக் கார் ஏறிவிடுவேன்.

ஒரு மாணவி எழுந்து கேட்டாள், "மேடம், புகார் கொடுத்தா வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா?" எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். அவன் என்ன ஆவான் என்பதல்ல, தண்டனை என்ன என்பதல்ல. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். விசாரணை விவரங்களை ரகசியமாக வைக்கச் சட்டம் சொல்கிறது என்று பதில் சொன்ன ஆசிரியை, மாணவிகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு முதல்வர் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். முதல்வர் தலையசைத்தார். நிகழ்ச்சியில் உருப்படியாக நடந்தது அந்தத் தலையசைப்புதான் என்பேன், ஏனென்றால் சில நூறு பேர் அதைப் பார்த்தார்கள்.

ஒழுங்குமுறைப்படி மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் குழுவில் மூன்று மாணவர்களும் இருக்க வேண்டும், இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று நிலைக்கு ஒருவர். அதுவும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களாக. நடைமுறையில் துறைத்தலைவர்கள் நல்ல பிள்ளைகள் பெயரைக் கொடுத்துவிடுவார்கள், வம்பு பண்ணாத பிள்ளைகள் என்று அர்த்தம். மேலே சொன்ன கல்லூரியில் அந்த விழாவுக்கு அப்புறம் உண்மையிலேயே தேர்தல் வைத்தார்கள். எனக்கே ஆச்சரியம்தான், கல்லூரித் தேர்தல் என்றாலே சாதிச் சண்டை வருமோ என்று நிர்வாகங்கள் நடுங்குகிற பகுதி இது. சண்டை வரவில்லை. இளநிலையில் ஜெயித்தது மூன்றாமாண்டு வேதியியல் மாணவி, மூன்றே முக்கால் பஸ்ஸில் போகிற பிள்ளை. பஸ்ஸில் கூட வருகிறவர்கள் எல்லாம் மொத்தமாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் அடுத்த விழிப்புணர்வு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதுதான் முதலில் இருந்தது. அந்தப் பெண் அதற்கு முன்னால் ஒன்று சொல்லலாமா என்று கேட்டு எழுந்தாள். புகார்ப்பெட்டி முதல்வர் அறை வாசலில் இருக்கிறது, நேர் மேலே சிசிடிவி கேமரா, பக்கத்து பெஞ்சில் எந்நேரமும் பியூன் அண்ணன் உட்கார்ந்திருப்பார், அதில் யார் மேடம் சீட்டுப் போடுவார்கள்? மாணவியர் ஓய்வறைக்கு உள்ளே ஒன்று வையுங்கள், பஸ் ஸ்டாப் பக்கத்துக் கேட்டில் இன்னொன்று வையுங்கள், சாவி தலைவர் மேடத்திடம் மட்டும் இருக்கட்டும் என்றாள். யாரும் மறுக்கவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் மட்டும், பெட்டி கல்லூரி இருப்புப் பதிவேட்டில் இருக்கிற பொருள், இடம் மாற்றுவதற்கு ஒரு கோப்பு போட வேண்டும் என்றார். போட்டிருக்கிறார்கள். போன வாரம் விசாரித்தேன், கணக்குப் பிரிவில் இருக்கிறதாம். இதற்கிடையில் அந்தப் பெண் ஓய்வறையில் தன் போன் நம்பரை எழுதி ஒட்டிவிட்டாள்.